வந்ததா, இருந்ததா என்று கேட்கச் சொன்னவர்

திங்கட்கிழமை காலை ஏழு மணி வாக்கில் தம்பி கணேசன் போன் செய்தான். "அண்ணே, அஞ்சலையக்கா போயிட்டாங்கண்ணே" என்றான். டயாலிசிஸ் மையத்து வேன் வழக்கம்போல ஈப்போ புந்தோங்கில் அவர் வீட்டு முன்னால் நின்று ஹாரன் அடித்திருக்கிறது. எப்போதும் வேன் வருவதற்கு முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நிற்பவர் அன்று வரவில்லை. மகள் உள்ளே போய்ப் பார்த்தபோது படுத்தபடியே இருந்தாராம். நான் "சரி" என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு அடுப்பில் இருந்த கோப்பியை ஊற்றிக் குடித்தேன். துக்கத்தில் துடித்துப்போனேன் என்று எழுதினால் அக்காவே சிரிப்பார்.

சிறுநீரகம் செத்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து தருகிறது. அக்காவுக்குத் திங்கள், புதன், வெள்ளி. வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் மட்டும் இரண்டு முழு நாள் விழும். அந்த இரண்டு நாளில் உடம்பில் நீரும் உப்பும் சேர்ந்துகொண்டே போகும். "எனக்கு ஞாயித்துக்கெழமதான் தம்பி ரொம்ப நீளம்" என்று அவர் சொல்வார். பதினேழு வருடம் அந்த ஞாயிறுகளைக் கடந்து வந்தவர், ஒரு ஞாயிற்றைக் கடக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மையத்தில் ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். அதற்கு எழுதச் சொல்லி என்னைப் பிடித்தவன் கணேசன்தான். "நீங்கதான் நல்லா எழுதுவீங்கண்ணே. அந்த சைன் பண்ண கதைய மறக்காம போடுங்கலா. எல்லாருக்கும் தெரியட்டும்" என்றான். அவன் உயிர் பிழைத்த கதை அது. அதில் அவனுக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதி தெரிந்த மூன்று பேரில் எங்கள் அம்மா முன்பே போய்விட்டார், இப்போது அக்காவும் போய்விட்டார். மூன்றாவது ஆள் நான். அக்காவைப் பற்றி உண்மையாக எழுதுவதென்றால் தம்பியிடம் இத்தனை வருடம் மறைத்ததையும் எழுதியாக வேண்டும். அதனால் இதைத் தொடங்கவே எனக்கு ஒன்பது நாள் ஆனது.

அக்காவை நான் முதலில் பார்த்தது எங்கள் அப்பாவால். அப்பா பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபிறகு ஈப்போவுக்கு வந்து காவலாளி வேலை பார்த்தார். ரத்தக் கொதிப்பு பல வருடமாக இருந்தது. மருந்தை நினைத்தால் சாப்பிடுவார், நினைக்காவிட்டால் இல்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. மையத்தில் அவருக்குக் கிடைத்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி அக்காவுடையது. நான் அப்போது நிலவள அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. கொஞ்சம் மிடுக்கோடுதான் அங்கே போய் நிற்பேன். "கிராணி தம்பி, சட்டை கசங்காம நின்னுக்கிட்டே இருந்தா நாலு மணி நேரம் எப்படி ஓடும்? ஒக்காரு" என்பதுதான் அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அப்பாவுக்குத் தாகம் பெரிய கொடுமையாக இருந்தது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது என்றார்கள். வெயிலில் வாழ்ந்து பழகிய மனிதர், குளியலறைக்குப் போய்க் குழாயில் வாயை வைத்துக் குடித்துவிடுவார். அடுத்த முறை மையத்தில் எடை பார்க்கும்போது முள் காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் நர்ஸ் வாய் திறப்பதற்குள் அக்கா பிடித்துக்கொண்டார். "மாமா, யார ஏமாத்துறீங்க? அந்தத் தண்ணி வெளிய போவ வழி இல்ல, நேரா நெஞ்சுக்குத்தான் போவுது. ஐஸ் கட்டிய வாயில போட்டு ஒதுக்குங்க. ஒரு கட்டி அரை மணி நேரம் வரும்." அப்பா அவரிடம் மட்டும் அடங்கிப்போவார். கீரையையும் உருளைக்கிழங்கையும் அவித்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் சமைக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லித் தந்ததும் அக்காதான். அப்படிச் செய்தால் அதிலிருக்கும் பொட்டாசியம் குறையும். அது ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்பதை ஏதோ கறிக்கு உப்பு அதிகம் என்கிற மாதிரி சொன்னார்.

அக்கா பார்த்த வேலை இதைவிட வேடிக்கை. புந்தோங்கில் ஒரு கச்சாங் பூத்தே கடையில் முறுக்கும் கடலையும் பொரிப்பார். நாளெல்லாம் உப்பும் மிளகாய்த்தூளும் கை நிறைய அள்ளித் தூவுகிறவர், ஒரு பருப்பைக்கூட வாயில் போடக் கூடாது. "நாக்கு எதுக்கு? கைக்குத் தெரியும்" என்பார். சூடான கடலையில் உப்பைப் போட்டுப் புரட்டி, விரல் நுனியில் ஒட்டுவதை வைத்துச் சரியா இல்லையா என்று சொல்லிவிடுவார். முதலாளிக்கே அவர் ருசி பார்ப்பதில்லை என்று பல வருடம் தெரியாது. ஆனால் அவரை உத்தமி என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பையின் பக்கவாட்டு ஜிப்பில் 'ஆசாம் போய்' வைத்திருப்பார், உப்பில் ஊறிய பிளம்ஸ். நான் பார்த்துவிட்டபோது, "வெறும் மோந்துதான் பாக்குறேன்" என்று கூசாமல் சொன்னார்.

கோபமும் உண்டு. மையத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், ரத்தக் கொதிப்புக்கு நல்லதென்று வீட்டு மரத்துப் பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தை ஒரு பை நிறையக் கொண்டுவந்து எல்லாருக்கும் நீட்டினார். அக்கா கையில் ஊசி ஏற்றியிருந்தது, எழ முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்ட சத்தத்தில் வேன் ஓட்டுநர் ஓடிவந்துவிட்டார். "நம்மள மாதிரி ஆளுக்கு இது வெஷம்! மூளைக்கு ஏறி வலிப்பு வந்துடும்! குப்பையில போடு லா!" அந்த மனிதர் முகம் சுருங்கிப் போனார். பிறகு நர்ஸும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மெதுவாக.

அப்பா நான்கு வருடம் இருந்தார். கடைசி நாட்களில் அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: "ஒரு தடவ மிஷின்ல ஏறிட்டா எறங்க முடியாதுடா." அதை நானும் நான்கு வருடம் கண்ணால் பார்த்தேன். வாரத்துக்கு மூன்று நாள் காரில் ஏற்றி இறக்கினேன். டயாலிசிஸ் பற்றி எனக்குத் தெரியாததே இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என் தம்பியைக் கொல்லப் பார்த்தது.

அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து நடந்தது. கணேசனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தான், கல்யாணம் ஆகவில்லை. மழை விட்ட ஒரு ஞாயிறு, ஈயம் தோண்டிய பழைய குட்டையில் மீன் பிடிக்கப் போய், இடுப்பளவு நீரில் இறங்கியிருக்கிறான். காலில் ஏற்கனவே சிராய்ப்பு இருந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது, கெண்டைக்கால் தொட முடியாத வலி. கடையில் வலி மாத்திரை வாங்கி மூன்று நாள் விழுங்கினான். நான்காம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்றுபோனது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலி மூத்திரம் கலந்த நீரால் வரும் காய்ச்சல் என்றார் அங்கிருந்த இளம் மலாய் டாக்டர். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் செய்ய வேண்டும், குடும்பம் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கணேசன் பாதி மயக்கத்தில் இருந்தான். அவனிடம் கேட்டபோது, "அண்ணன் சொன்னா சரி" என்று மட்டும் சொன்னான்.

அந்த அண்ணனான நான், வேண்டாம் என்றேன்.

டாக்டர் தற்காலிகம்தான் என்று இரண்டு மூன்று முறை சொன்னார். அப்பாவுக்கும் முதல் நாள் "செய்து பார்ப்போம்" என்றுதான் சொன்னார்கள். அதே ஆறுதல் பேச்சு என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். முப்பத்தொரு வயதுப் பையனை ஆயுள் முழுவதும் அந்த நாற்காலியில் கட்டிப்போடக் கையெழுத்துப் போட மாட்டேன், மருந்து கொடுங்கள், பார்ப்போம் என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். அலுவலகத்தில் நாலு பேர் கையெழுத்தைச் சரிபார்க்கிற மகன் சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டார். மறுநாள் காலை டாக்டர் மறுபடி வந்தார். பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகிறது, இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்றார். நான் இரண்டாவது முறையும் வேண்டாம் என்றேன். நாளை வரைக்கும் பார்ப்போம் என்றேன். நாளை என்ன ஆகும் என்று நினைத்தேனோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று மதியம் அக்கா அதே ஆஸ்பத்திரிக்குக் கையைக் காட்ட வந்திருந்தார். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக அவர் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஒரு தடித்த குழாயாக ஆக்கியிருந்தார்கள். அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். நடைவழியில் அம்மா தனியாக உட்கார்ந்து அழுவதைப் பார்த்து விசாரித்திருக்கிறார். நேராக என்னிடம் வந்தார். கும்பிடு இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை.

"கிராணி தம்பி, ஒன் தம்பிக்கு இது வந்ததா, இருந்ததா?"

எனக்குப் புரியவில்லை.

"ஒங்கப்பாவுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. பத்து, பதினஞ்சு வருஷமா சத்தமே இல்லாம உள்ள இருந்து தின்னுச்சு. நமக்குத் தெரியறப்ப ஒண்ணும் மிச்சமில்ல. இவனுக்குப் போன மாசம் என்ன இருந்துச்சு? ஒண்ணுமில்ல. மோட்டார் தூக்கிட்டுத் திரிஞ்சான். இது போன வாரம் வந்தது. இருந்தது போவாது. வந்தது போவலாம்."

"போகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா?"

"போவும்னு நான் சொல்லல. போவலாம்னு சொல்றேன். அது போவற வரைக்கும் அவன் உசுரோட இருக்க வேணாமா? மிஷின் கிட்னிய கெடுக்காதுடா. அது எந்திரிக்கிற வரைக்கும் அதோட வேலைய செய்யும், அவ்ளோதான். போ, டாக்டர்ட்ட இத ஒண்ண மட்டும் கேளு."

நான் போய் எனக்குத் தெரிந்த மலாயில் அந்த ஒன்றைக் கேட்டேன். டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். சிறுநீரகம் இரண்டும் முழு அளவில் இருந்தன, கொஞ்சம் வீங்கியிருந்தன, சுருங்கவில்லை. போன வருடம் எங்கேயோ எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் குறை இல்லை. இது புதிதாக வந்தது, திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் உறுதி தர முடியாது என்றார். இரண்டு நாளாக அவர் என்னிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். காது மட்டும் என்னிடம் இருக்கவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா தன் கைச் சட்டையை ஒதுக்கி, அந்தத் தடித்த குழாயைக் காட்டினார். "இது நான் இருக்கற வரைக்கும் இருக்கும். அவனுக்குக் கழுத்துல ஒரு கொழா போடுவாங்க. அது எரவல் கொழா, எடுத்துடுவாங்க. பயப்படாத." நான் கையெழுத்துப் போட்டேன். மாலை நாலு மணி இருக்கும்.

ஆறு முறை டயாலிசிஸ் செய்தார்கள். பன்னிரண்டாம் நாள் கணேசனுக்குச் சிறுநீர் இறங்கியது, ஒரு கோப்பை அளவு. அம்மா அந்தக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு வார்டில் எல்லாரிடமும் காட்டினார், பிள்ளை பரீட்சையில் முதலாக வந்த மாதிரி. மூன்றாவது வாரம் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டான்.

அக்கா அவனைப் பார்க்க வரவில்லை. ஒரு மாதம் போனது, மூன்று மாதம் போனது. நான் மையத்துக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், பையில் போட்டுக்கொண்டார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "பொறாமதான், வேற என்ன. அவன் எறங்கிட்டான். நான் எறங்க மாட்டேன். அவன் மூஞ்சியப் பாத்து சந்தோஷமா சிரிக்கணும்ல, அதுக்குக் கொஞ்ச நாள் வேணும்" என்றார். இவ்வளவு நேராக ஒருவர் தன் பொறாமையைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான்காவது மாதம் தானே வந்தார். கணேசனை வருடா வருடம் ரத்தம் பரிசோதிக்க விரட்டியதும் அவர்தான். "வந்து போனதுக்கு வழி தெரியும்டா, அசால்ட்டா இருக்காத" என்று பட்டறை வாசலில் நின்று திட்டுவார்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அன்று எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணியோ சர்பத்தோ கலக்கிக் கொடுப்பார்கள், குடிக்காமல் வந்தால் மனஸ்தாபம். அக்கா எல்லா வீட்டிலும் ஒரே ஒரு ஐஸ் கட்டி கேட்பார். எங்கள் வீட்டில் ஆட்கள் கூடியதும் கணேசன் கதையை ஆரம்பித்துவிடுவான். எல்லாரும் பயந்தார்களாம், அண்ணன் மட்டும் அசையாமல் நின்று, டாக்டர் தாளை நீட்டிய உடனே கையெழுத்துப் போட்டாராம். "எங்கண்ணன் இல்லாட்டி நான் இல்ல" என்று முடிப்பான். அம்மா சமையலறைக்கு எழுந்து போய்விடுவார். அக்கா அந்த நேரம் பார்த்து ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வார். வாயில் கட்டி இருக்கும்போது யாரும் அவரிடம் "அப்படியா அக்கா?" என்று கேட்க முடியாது. இது தற்செயல் இல்லை என்று எனக்கு விளங்க மூன்று தீபாவளி ஆனது. நானும் ஒவ்வொரு வருடமும் அங்கேயே உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டு, அந்தப் புகழை வாங்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

அம்மா இறந்த வருடம் அக்காவைக் காரில் வீட்டில் விடப் போனபோது கேட்டுவிட்டேன். "ஏன் அக்கா நீங்க அவன்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லல?"

"எதுக்கு? அவனுக்கு ரெண்டு கிட்னியும் திரும்பக் கெடச்சிருச்சு. அதுக்கு ஒரு அண்ணன எழக்கணுமா?"

கொஞ்ச தூரம் போனபிறகு, தெருவைப் பார்த்தபடியே, "நான் இருக்கற வரைக்கும் என் வாயில வராது. அதுக்கப்புறம் ஒன் பாடு" என்றார்.

அந்த அப்புறம் இப்போது வந்துவிட்டது. மையத்தில் அவரோடு உட்கார்ந்தவர்கள் அவருடைய வாய்த்துடுக்கை நினைத்துக்கொள்வீர்கள், அது நியாயம்தான். எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய வாய் திறக்காமை. நான் தம்பியைச் சாக விட்டிருப்பேன் என்று தெரிந்த ஒருவர், அதற்காக ஒரு நாளும் என்னைக் குறைத்துப் பார்க்கவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வாய் திறக்காததை மறைப்பாக வைத்துத் தம்பியிடம் வாங்கிவந்த நல்ல பெயரை மட்டும் இனி வைத்துக்கொள்ள முடியாது.

கணேசா, நீ "அண்ணன் சொன்னா சரி" என்று சொன்னாய். நான் இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னேன். உன்னைக் காப்பாற்றியது அஞ்சலையக்கா. நாளைக் காலை அச்சகத்துக்குக் கொண்டுபோக இந்தத் தாள்களை வாங்க வருவாய். அங்கே கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம். ஆனால் முதலில் என் முன்னால் உட்கார்ந்து படி. நான் எங்கேயும் போக மாட்டேன்.